பூ போட்டுப் பார்க்கலாமா?



ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். பைக் விபத்துல தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. எலும்பு கூடிடுச்சு, ஆனா இடது கால் 3 சென்டிமீட்டர் குட்டை. காலை நீளமாக்குற ஆபரேஷன் செய்யலாம்னு டாக்டர் சொல்றார். "மறுபடியும் உன்னைக் கட்டில்ல பார்க்க என்னால முடியாதுடா"ன்னு அம்மா அழறாங்க. "அண்ணா, முருகன் சன்னதியில பூ போட்டுப் பார்க்கட்டுமா? சிவப்பு வந்தா பண்ணிக்கறேன், வெள்ளை வந்தா விட்டுடறேன்"னு கேட்கிறார்.

தம்பி, அதுக்கு முன்னாடி பாம்பன் சுவாமிகளை நினைச்சுக்கோங்க. 1923 டிசம்பர் 27, சென்னை தம்பு செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி சுவாமிகளின் கால் எலும்பு முறிந்தது. அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். சீடர்கள் சண்முக கவசம் பாராயணம் செய்தார்கள். 11-ஆம் நாள் முருகன் காட்சி கொடுத்தான், கால் குணமானது என்பது வரலாறு. அதைத்தான் மார்கழியில் மயூர வாகன சேவனமாகக் கொண்டாடுகிறோம். ஒண்ணு கவனிச்சீங்களா? முருகன் தரிசனம் கொடுத்தது ஆஸ்பத்திரி கட்டில்ல! அதனால வைத்தியம் செஞ்சுக்கறது பக்திக் குறைவு இல்லை. செஞ்சுக்காம விடறதும் பாவம் இல்லை.

அப்போ எப்படி முடிவு பண்றது? வேலைப் பாருங்க. ஆழம், அகலம், கூர்மை. வேல்னா ஞானம்.

ஆழமா தெரிஞ்சுக்கோங்க. எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் விலக்குவார்கள். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். 3 சென்டிமீட்டருக்கு ஒரு மாசம் போதும்னு கணக்குப் போடாதீங்க. வளர்ந்த எலும்பு இறுகப் பல மாசம் ஆகும். தினமும் பிசியோதெரபி உண்டு. கிருமித் தொற்று, முட்டி இறுக்கம் வரவும் வாய்ப்பு உண்டு.

அகலமா விசாரிங்க. 2 சென்டிமீட்டருக்குள் வித்தியாசம்னா செருப்பை உயர்த்தினாலே பெரும்பாலும் போதும். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. செருப்பை உயர்த்திக் கொஞ்ச நாள் நடந்து பார்க்கலாமான்னு கேளுங்க. இன்னொரு எலும்பு டாக்டரையும் பாருங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க பயத்தை அங்கேயே கேட்கட்டும்.

கூர்மையா உங்களையே ஒரு கேள்வி கேளுங்க. "நொண்டறேன்னு எல்லாரும் பார்க்கறாங்க, அதான் இந்த வருஷம் பழனி பாதயாத்திரைக்குப் போகலை"ன்னு கடைசியில எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சு மனசு கலங்கிடுச்சு. இடுப்பு வலி, முதுகு வலிக்காக ஆபரேஷன்னா அதுக்கு டாக்டர்கிட்ட பதில் இருக்கு. ஊர் கண்ணுக்காகன்னா, கொஞ்சம் பொறுங்க தம்பி. அது வேற காயம். அதை முதல்ல முருகன்கிட்ட அழுது சொல்லுங்க.

சிவப்பும் அவன் பூதான், வெள்ளையும் அவன் பூதான். பொட்டலத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே அவன் உங்களுக்குப் புத்தியைக் கொடுத்துட்டான். முடிவு எடுத்துட்டு, அதை அவன் காலடியில வைங்க. தினமும் சண்முக கவசம் சொல்லுங்க, அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க.

பழனிக்கு மட்டும் போகாம இருக்காதீங்க. படி ஏற முடியலைன்னா வின்ச் இருக்கு. நொண்டிக்கிட்டு வந்தாலும் நிமிர்ந்து வந்தாலும், மேலே நிக்கறவன் அளவு நாடா வச்சுக்கிட்டு நிக்கலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚