மௌனமும் சம்மதமும்

திருமணம் என்பது பலர் கூடிப் பேசும் நிகழ்ச்சியாகும். பெற்றோர் பேசுவர், உற்றார் பேசுவர், ஊர்ப் பெரியோரும் பேசுவர். ஆனால், அந்த மணத்தை ஏற்று வாழப்போகின்ற பெண் பேசுவது மட்டும் அரிதாகவே இருந்துவந்துள்ளது. அவள் தலைகுனிந்து நின்றால், 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்று சொல்லிப் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்வது வழக்கம். இம்மௌனம் உண்மையிலேயே சம்மதந்தானா? எப்போது அது சம்மதமாகும்? எப்போது ஆகாது? இவ்வினாவை நூற்றாண்டுகளாக நுணுகி ஆராய்ந்த சட்ட மரபுகளுள் இஸ்லாமியச் சட்டம் குறிப்பிடத்தக்கது.

இஸ்லாத்தில் நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். முன்மொழிதலும் ஏற்றலும் சாட்சிகள் முன்னிலையில் நிகழ வேண்டும். மணமகன் வழங்கும் மஹர் மணமகளுக்கே உரியது, தந்தைக்கு உரியதன்று. கொடுக்கும் பொருள் அவளுக்கு என்றால், கேட்கும் சம்மதமும் அவளிடமே கேட்கப்படுவதன்றோ முறை? நபிகள் நாயகத்தின் காலத்தில் கன்ஸா பின்த் கிதாம் என்னும் பெண்மணி, முன்பே மணமாகியிருந்த தம்மைத் தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்துக் கொடுத்ததாக முறையிட்டார். நபிகளார் அம்மணத்தைச் செல்லாததாக்கினார். கன்னிப்பெண் ஒருத்தி இவ்வாறே முறையிட்டபோது, மணத்தை ஏற்பதும் விடுப்பதும் அவள் விருப்பம் என்று அவர் கூறியதாகவும் நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகிறது.

முன்பே மணமானவள் தன் வாயால் சம்மதம் கூற வேண்டும். கன்னிப்பெண்ணின் சம்மதம் அவள் மௌனமே என்பதும் நபிமொழி வழி வந்த விதியாகும். இவ்விதி நாணத்திற்குத் தரப்பட்ட சலுகை. வாய் திறந்து 'ஆம்' எனக் கூறக் கூசும் பெண்ணை வற்புறுத்தாமல் விடும் பரிவு. கேட்காமலே இருப்பதற்கு அது தரும் உரிமை எதுவும் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட பின் நிலவும் மௌனமே விடையாகும். கேள்வியே எழாதவிடத்து நிலவும் மௌனம் வெறும் மௌனம். இவ்வேறுபாட்டைப் பழைய சட்ட அறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கேட்டபோது பெண் சிரித்தால் என்ன பொருள், குரலெடுத்து அழுதால் என்ன பொருள் என்பன வரை அவர்கள் ஆராய்ந்திருப்பது இதற்குச் சான்றாகும்.

எனினும், சட்டப் பள்ளிகள் இதில் ஒருமித்த கருத்தினவல்ல. ஹனஃபிப் பள்ளி, பருவமடைந்த, அறிவுத் தெளிவுடைய பெண் தானே தன் மணத்தை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது. மலேசியாவில் பெருவழக்காக உள்ள ஷாஃபிப் பள்ளியோ, வலீ எனப்படும் பாதுகாவலர் இன்றி மணம் செல்லாது என்கிறது. மேலும், தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் கன்னிப்பெண்ணை அவள் சம்மதமின்றியும் மணமுடித்து வைக்கும் அதிகாரமுடைய 'வலீ முஜ்பிர்' ஆவர் என்றும், அவளைக் கேட்பது விரும்பத்தக்கது என்றும் அது கொள்கிறது. ஆயினும் தந்தைக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருத்தலாகாது, மணமகன் அவளுக்கு ஒப்பானவனாக இருத்தல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளால் அவ்வதிகாரத்திற்கு அது வேலியிட்டது. பெண்ணின் நலனே அதிகாரத்தின் அடிப்படை என்பதை அந்நிபந்தனைகள் காட்டுகின்றன.

மலேசியச் சட்டம் இம்மரபிலிருந்து ஓர் அடி முன்னே சென்றது. கோலாலம்பூருக்கு உரிய 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மணமக்கள் இருவரும் சம்மதித்தாலன்றி மணத்தை அங்கீகரிக்கவோ பதிவு செய்யவோ கூடாது என்கிறது. வலீயின் சம்மதமும் வேண்டும். ஆனால் அவர் தகுந்த காரணமின்றி மறுத்தால், அவருக்கு மாற்றாக அரசரின் சார்பான வலீயின் வழி மணம் நடைபெற ஷரியா நீதிபதி இசைவளிக்கலாம். ஒருவரை விருப்பத்திற்கு மாறாக மணம்புரியுமாறு வன்முறையாலோ மிரட்டலாலோ கட்டாயப்படுத்துவதை 37ஆம் பிரிவு குற்றமாக்கியது. தான் சம்மதிக்கவில்லை என்றோ, தன் சம்மதம் அச்சுறுத்தலால் பெறப்பட்டது என்றோ மனைவி மெய்ப்பித்தால், 52ஆம் பிரிவின்கீழ் மணத்தை முறிக்க அவள் கோரலாம். கிள்ளானில் வாழும் பெண்ணுக்குச் சிலாங்கூரின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்மதத்தைப் பற்றி இதனையொத்த விதி உண்டு. 2018இல் சிலாங்கூர் சட்டமன்றம் பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மறுக்கும் முதிர்ச்சி இல்லாதவளின் சம்மதத்திற்குப் பொருளேது?

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இவ்விதிகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மணத்திற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக மணமகனும் மணமகளும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது கூட்டரசுப் பிரதேசச் சட்டம். ஆனால் கையொப்பம் வேறு, மனவொப்பம் வேறு. அழைப்பிதழ் அச்சாகி, மண்டபத்திற்கு முன்பணம் கட்டி, தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்திறங்கிய பின் 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்பது கேள்வியாகாது. 'இல்லை' என்றால் தந்தையின் மானம் போகும் என்னும் அச்சம் அவள் நாவைக் கட்டிவிடுகிறது. 'இல்லை' எனச் சொல்ல இயலாதவிடத்துச் சொல்லப்படும் 'ஆம்' என்னும் சொல்லுக்கு எடையில்லை. அவ்விடத்து நிலவும் மௌனத்திற்கோ அதனினும் எடை குறைவு.

இலங்கையின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் அந்நாட்டில் 1951இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. ஷாஃபிப் பெண்ணின் சம்மதத்தை வலீயே தெரிவிப்பார் என அது விதித்தது. சம்மதம் தேவை என்பதை அச்சட்டம் மறுக்கவில்லை; அதனைப் பிறர் வாயில் வைத்ததே அதன் குறை. வலீ நல்லவராயின் தீங்கில்லை. அவரே கட்டாயப்படுத்துபவராயின், அவரிடமிருந்து அவளைக் காக்க அச்சட்டத்தில் என்ன உண்டு? 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018இல் அளித்தது. அதற்குள் குழுவினரே இரு கருத்தினராகப் பிரிந்திருந்தனர். ஒரு கையொப்பத்திற்காகப் பெண்கள் காத்திருந்த காலம் நெடியது.

'பெற்றவருக்குத் தெரியாததா பிள்ளையின் நலம்?' என்று கேட்பார் உளர். இக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. இளமை ஏமாறும், அனுபவம் எச்சரிக்கும். வலீ என்னும் ஏற்பாடு பெண்ணைத் தனியே விட்டுவிடாமல், அவளுக்காகப் பேசி, மஹரை உறுதி செய்து, வஞ்சகனை விலக்கும் அரணாக அமைந்தது. ஆனால் அரண் வேறு, சிறை வேறு. அரணின் கதவு உள்ளிருந்து திறக்கும். சிறையின் கதவு வெளியிலிருந்தே திறக்கும். மகளின் மறுப்பைச் செவிமடுக்கும் தந்தை அரண். செவிமடுக்காதவர் எவ்வளவு அன்புடையவராயினும் சிறையே.

தமிழ் அகப்பொருள் மரபிலும் இதற்கு ஒரு விளக்கு உண்டு. தலைவியின் உள்ளம் அறியாது அயலார்க்கு அவளை மணம் பேசும்போது, தோழி அவள் உள்ளத்தைச் செவிலிக்குக் குறிப்பால் உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். இச்செயலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. பெண்ணின் விருப்பத்தை எடுத்துரைப்பதையே அறம் என்று பெயரிட்ட மொழி தமிழ்.

ஆகவே இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. முஸ்லிமல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் மணமக்களின் சுதந்திரமான சம்மதத்தை வேண்டுகிறது. ஆயினும் தமிழர் இல்லங்களில், எம்மதத்தவராயினும், பெண்ணை நோக்கிய கேள்வி இன்னும் பெரும்பாலும் கடைசியிலேயே கேட்கப்படுகிறது. அக்கேள்வியை முதலில் கேட்பதும், மறுப்புக்கு இடம் வைத்துக் கேட்பதும், விடை மௌனமாயின் அதன் பொருளை மீண்டும் பொறுமையுடன் கேட்டறிவதும் பெற்றோரின் கடமை. சட்டம் சம்மதத்தைப் பதிவு செய்யலாம்; அதனை உண்மையாக்க வல்லது குடும்பமே.