முகவாட்டமும் அதிகாரமும்

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடம் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஒழுக்கம் பற்றிய ஒரு கேள்வி நமக்கு எங்கே எதிர்ப்படுகிறதோ அங்கேயே அதைச் சந்திப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். எனக்கு அது ஸிம்ஸ் 4 என்ற விளையாட்டில், உண்மையில் இல்லாத ஒரு பையனின் முகவாட்டத்தில் எதிர்ப்பட்டது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். இதன் முதல் வடிவம் 2000-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் வில் ரைட். 1991-இல் கலிபோர்னியாவில் ஓக்லண்ட் குன்றுகளில் பரவிய தீயில் அவர் வீடு எரிந்துபோயிற்று. இழந்த சாமான்களைத் திரும்பச் சேர்க்கும்போது, மனிதனுக்கு எது எதற்காக வேண்டியிருக்கிறது என்று யோசித்ததில் இதற்கான விதை விழுந்தது. முதலில் இது வீடு கட்டும் விளையாட்டாகத்தான் எண்ணப்பட்டது. கட்டிய வீடு வாழத் தகுந்ததா என்று அளந்து சொல்வதற்காகவே அதற்குள் மனிதர்களை விட்டார்கள். பிறகு, வீட்டைவிட அளவுகோல் சுவாரஸ்யமாகிவிட்டது. ஸிம்கள் எனப்படும் இந்த மனிதர்கள் சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், சாகிறார்கள். ஜெயிப்பு தோற்பு கிடையாது. கூரையை அகற்றிவிட்டு மேலேயிருந்து பார்க்கிறோம். இதைச் செய், அங்கே போ என்கிறோம்.

முதல் வடிவத்தில் குழந்தைகள் வளர்வதே இல்லை. எத்தனை காலம் ஆடினாலும் குழந்தை குழந்தைதான். 2004-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் வயது ஏறத் தொடங்கியது. குழந்தைக்கும் பெரியவனுக்கும் நடுவில் விடலைப் பருவம் என்று ஒன்று நுழைந்தது. 2014-இல் வந்த நான்காம் வடிவம் உணர்ச்சிகளை ஆட்டத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 2017-இல் பிள்ளை வளர்ப்புக்கென்றே ஒரு பகுதி இதனோடு சேர்க்கப்பட்டது. அதில் ஒரு பிள்ளையின் குணம் ஐந்து அளவுகோல்களால் கணிக்கப்படுகிறது: நடத்தை நாகரிகம், பொறுப்பு, சச்சரவைத் தீர்த்தல், பிறர் துயர் உணர்தல், உணர்ச்சிக் கட்டுப்பாடு. அதே பகுதியில்தான் விடலைகளுக்கு மனம் நிலையில்லாமல் தடுமாறும் ஒரு கட்டமும் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்காமலேயே பையன் சோர்ந்துபோகிறான், சிறிது நேரத்தில் கோபம், பிறகு வேறொன்று.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஸிம்களின் மனநிலைகளுக்குப் பொதுவாகக் காரணமும் காலக்கெடுவும் திரையிலேயே எழுதியிருக்கும். பசி, அழுக்கு, நண்பனோடு சண்டை. இன்னும் நான்கு மணி நேரம். விளையாட்டின் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி. ஆகவே நான்கு மணி நேரத் துக்கம் நமக்கு நான்கு நிமிடம். காரணம் தெரிந்தால் பரிகாரம் உண்டு. சாப்பிட வை, குளிக்க வை, சமாதானம் செய்துவை. தடுமாற்றக் கட்டத்தில் மட்டும் பருவம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. எதையும் சரிசெய்து பழகிய கைக்கு வேலை இல்லாமல் போகிறது.

என் மகள் தன் பதினைந்தாவது வயதில் இந்த விளையாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இப்போது வெளியூர்க் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவள் விட்டுப்போன குடும்பத்தை, தூக்கம் வராத இரவுகளில், நான் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு பையன். பையன் தடுமாற்றத்தில் விழுந்தான். நான் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்தேன். தகப்பனை விட்டுத் தட்டிக்கொடுக்கச் சொன்னேன். வேடிக்கை பேசச் சொன்னேன். ஒன்று தணிந்தால் இன்னொன்று கிளம்பியது. மறுநாள் காலத்தை வேகமாக ஓடவிட்டேன். அதற்கும் மறுநாள், விளையாட்டில் எழுதக்கூடிய ஒரு ரகசியக் கட்டளையால் அவனைச் சந்தோஷமாக்கினேன். அவன் சிரித்தான். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் தாயைக் கேக் செய்யவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அவனை ஊதச் செய்தேன். பிறந்தநாளுக்குக் காத்திருக்காமல் வயதை ஏற்றிவிடலாம். பையன் ஒரு கணத்தில் வாலிபனானான். வீடு அமைதியாயிற்று.

அந்த அமைதியில்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இது அதிகப்படியான உணர்ச்சி என்று சொல்லலாம். அங்கே பையன் இல்லை, கணக்குகள்தான் இருக்கின்றன, அவனுக்கு நான் இழைத்த தீங்கு ஏதுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு நேர்ந்ததை நான் இங்கே பேசவில்லை. என் கை எவ்வளவு விரைவாக எங்கே போயிற்று என்பதைப் பேசுகிறேன். சமாதானம், அவசரம், வற்புறுத்திய சிரிப்பு, கடைசியில் பருவத்தையே ரத்துசெய்தல். இந்த வரிசையை விளையாட்டு எனக்குக் கற்றுத்தரவில்லை. வாழ்க்கையில் எனக்கு எட்டாத வசதியை மட்டுமே அது கொடுத்தது.

ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது நமக்கு வருவது பெரும்பாலும் இரக்கம் அல்ல, எரிச்சல். ஏன்? அவனுடைய உணவு, உடை, படிப்பு எல்லாம் நாம் கொடுத்தவை. முகவாட்டம் நாம் கொடுக்காதது. வீட்டுக்குள் நம் கணக்கில் வராமல் முளைத்த முதல் பொருள் அது. அவன் தன்னை ஒரு தனி இருப்பாக உணர்வதற்கு வேறு சாதனம் அந்த வயதில் அதிகம் இல்லை. பணம் இல்லை, அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஊரை விட்டுப் போக முடியாது. பேசாமல் இருக்க மட்டும் முடியும். வீடு நன்றாக இருக்கிறதா என்று சொல்வதற்காக வைக்கப்பட்ட அளவுகோல், தான் எதையும் அளக்கப்போவதில்லை என்று சொல்கிற கணம் அது. அந்த மௌனத்தைப் பிடுங்க நினைப்பது, உதவி என்ற பெயரில் நடந்தாலும், ஒருவகைப் பறிமுதல்தான்.

நம் மரபு முகவாட்டத்தை அறியாததல்ல. மருதத்திணைக்கு உரிப்பொருளே ஊடல்தான். குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. காதலர் பிணங்குவதற்கு இவ்வளவு நுட்பமான இலக்கணம் வகுத்த மொழியில், பதினைந்து வயதுப் பிள்ளை பிணங்கினால் அதற்குப் பெயர் வீம்பு, பிடிவாதம், திமிர். பிள்ளைத்தமிழ் பத்துப் பருவத்தோடு குழந்தையை இறக்கிவிட்டுவிடுகிறது. உலாவில் ஏழு பருவப் பெண்கள் வருகிறார்கள். ஆனால் வீதியில் போகிற தலைவனைக் கண்டு மயங்கத்தான் வருகிறார்கள். யாரையும் காணாமல், யாருக்காகவும் அல்லாமல் வாடும் ஒரு முகத்துக்கு நம்மிடம் திணை இல்லை.

மேற்கிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. அரிஸ்டாட்டில் இளைஞர்களின் ஆசை சீக்கிரம் மூண்டு சீக்கிரம் தணிவது என்று மிகச் சரியாகக் கவனித்தார். கவனித்தது பேச்சுக்கலை பற்றிய நூலில். பேச்சாளன் அவர்களை வசப்படுத்த இந்த அறிவு வேண்டும். 1904-இல் ஸ்டான்லி ஹால் இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமாக வர்ணித்தார். 1928-இல் மார்கரெட் மீட், ஸமோவாவில் அந்தக் கொந்தளிப்பு இல்லை, ஆகவே அது இயற்கையின் விதி அல்ல என்று வாதிட்டார். 1983-இல் டெரெக் ஃப்ரீமன் அவர் கண்டது தவறு என்றார். உடலா சமூகமா என்ற இந்த வழக்கு அவசியமானதுதான். ஆனால் காரணம் எதுவானாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தின் முன் நான் என்ன செய்யக் கடவேன் என்பதற்கு இதில் பதில் இல்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வரவில்லை. அறை வாசலில் நின்று, என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள். இந்தச் சம்பாஷணை தமிழ் வீடுகளில் தினம் நடப்பது. ஆனால் அதில் உள்ள 'உனக்கு' என்ற சொல்லைப் பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். என்ன ஆச்சு என்பது கேள்வி. என்ன ஆச்சு உனக்கு என்பது புகார். நடந்தது எதுவோ அதை விசாரிப்பதை விட்டு, கேட்கப்படுபவரையே குற்றமாக்கிவிடுகிறது. அவள் சொன்ன ஒண்ணுமில்லை பொய் அல்ல; அப்படிக் கேட்டவனுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை என்பதே அதன் பொருள்.

அப்படியானால் விட்டுவிடுவதுதான் சரியா? இங்கே என் வாதத்தை நானே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டில் அதன் பெயரே கட்டம் என்பதுதான். கட்டம் என்றால் முடிந்துவிடும் என்று உத்தரவாதம். 2014-இல் வெளிவந்தபோதே இந்த நான்காம் வடிவத்தில் ஸிம்கள் கடும் கோபத்தால் சாகலாம், அவமானத்தால் சாகலாம், சிரித்துச் சிரித்தும் சாகலாம். அந்தப் பட்டியலில் துக்கம் இல்லை. நம் உலகத்தில் அப்படி இல்லை என்பதை எல்லோரும் அறிவோம். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணங்களுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்றாகத் தற்கொலையை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயசு அப்படி, தானாகச் சரியாகும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிற பெற்றோர், விளையாட்டின் உத்தரவாதத்தை வாழ்க்கைக்குத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். சுதந்திரத்தை மதிப்பதற்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

ஐரிஸ் மர்டாக் 1970-இல் வெளியிட்ட, நன்மை பற்றிய நூலில் ஒரு மாமியாரைக் காட்டுகிறார். மருமகளை நாகரிகம் போதாதவள், சத்தக்காரி, சிறுபிள்ளைத்தனமானவள் என்று அவள் நினைக்கிறாள். ஆனால் வெளியே ஆரம்பத்திலிருந்தே கண்ணியமாகத்தான் நடந்துகொள்கிறாள். பிறகு, தன் பார்வையில் பொறாமையும் பழமைப்பற்றும் கலந்திருக்கலாம் என்று எண்ணி, மறுபடி பார்க்கிறாள். சத்தம் என்று தோன்றியது இப்போது களிப்பாகத் தெரிகிறது. நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள் என்கிறார் மர்டாக். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் விளையாட்டில் இது மட்டும் முடியாது. அங்கே பார்ப்பதற்குப் பலன் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு பிரியத்தோடு அந்தப் பையனைப் பார்த்தாலும் ஐந்து அளவுகோல்களில் ஒன்றுகூட அசையாது. கட்டளை இட்டால்தான் அசையும். நாமோ பார்க்கப்படுவதால் மாறுகிறவர்கள். ஒரு பிள்ளை தான் சகித்துக்கொள்ளப்படுகிறதா, கண்காணிக்கப்படுகிறதா, வெறுமனே பார்க்கப்படுகிறதா என்பதைத் திரும்பாமலே அறிந்துவிடுகிறது. துக்கத்தைப் பறிக்காமலும் அதனிடம் பிள்ளையை ஒப்படைத்துவிடாமலும் இருக்க வழி உண்டென்றால், அது இந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்க முடியும். முடிவடைகிறது என்று சொல்லமாட்டேன். பார்த்தவன் ஒரு கட்டத்தில் கேட்டும் ஆகவேண்டும். தவறான நேரத்தில் கேட்டு அவமானப்படவும் தயாராக இருக்கவேண்டும்.

சென்ற விடுமுறையில் மகள் வந்திருந்தாள். வாலிபனாக்கிய ஆட்டத்தை நான் சேமிக்காமல் விட்டிருந்ததால் பையன் பழையபடி விடலையாகவே இருந்தான். பழையபடி படுக்கையில் குப்புறக் கிடந்தான். நான் எதையோ செய்ய முயன்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்தவள், விடுப்பா, அது தானா போயிடும் என்றாள்.

உனக்கும் அப்படித் தானாப் போச்சா என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்று திட்டமிடவில்லை.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, சிலது போச்சு என்றாள்.

எது போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்ல விரும்பினால் சொல்வாள் என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. அது மரியாதை என்றும் தோன்றிற்று. இதை எழுதும்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. திரையில் பையன் தானாகவே எழுந்து சமையலறைக்குப் போனான். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த முறை அவள் வரும்போது கேட்பேன். அந்த ஒரு சொல் இல்லாமல் கேட்பேன்.