பவுண்டரிக் கோட்டில் விழும் சொல்



பொதுக்காலத்தின் ஆறாம் ஞாயிறான இன்று மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து கேட்டோம். நீளமான வாசகம், நின்றுகொண்டே கேட்டதில் சிலருக்குக் கால் கடுத்திருக்கும். உங்களில் பலர் நேற்று ராத்திரி ஓ.டி. முடித்துவிட்டு, காலையில் துவாஸ் லிங்கில் ரயிலேறி, பூகிஸில் இறங்கி, சிங்கப்பூரின் இந்த லூர்து அன்னை ஆலயத்துக்கு நடந்து வந்திருக்கிறீர்கள். அதனால் வாசகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரே ஒரு இடம் போதும்.

கொலை செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த கட்டளை. ஆண்டவர் அதை அத்தோடு விடவில்லை. சகோதரனிடம் சினம் கொள்கிறவனும், அவனை மட்டமான பேரைச் சொல்லி அழைக்கிறவனும் தீர்ப்புக்கு உள்ளாவான் என்கிறார். கத்தி எடுத்தவனையும் வாயால் இழித்துப் பேசுகிறவனையும் ஒரே பத்தியில் நிறுத்துகிறார். கேட்டவர்களுக்கு அன்றைக்கே இது அதிகப்படியாகத் தெரிந்திருக்கும். 'வாய் வார்த்தைக்கா நரகம்?' என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு இன்று உங்களோடு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். நாளை மறுநாள் சீனப் புத்தாண்டு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் விடுமுறை. துவாஸில் விடுமுறை என்றால் மேட்ச். ராமநாதபுரத்துப் பிள்ளைகள் ஒரு டீம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு டீம், வங்காளதேசத் தம்பிகள் ஒரு டீம். ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று போட்டு டென்னிஸ் பந்து வாங்குகிறீர்கள். ஜெர்சிக்கு ஒரு மளிகைக் கடைக்காரரையோ பணம் அனுப்பும் கடைக்காரரையோ பிடிக்கிறீர்கள். டி20 உலகக் கோப்பையும் இப்போது நம் இந்தியாவிலும் இலங்கையிலும் நடப்பதால் கைகள் இன்னும் பரபரக்கின்றன. இது நல்ல விஷயம். விடியுமுன் லாரி ஏறி, யார்டிலோ சைட்டிலோ நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் வெந்து, இருட்டிய பிறகு கேட்டரிங் பொட்டலத்தைப் பிரிக்கும் மனிதனுக்கு, தன் பேரைச் சொல்லி நாலு பேர் கைதட்டும் இடம் வேறு எது? சைட்டில் நீங்கள் ஒரு பெர்மிட் எண். ஆடுகளத்தில் நீங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேன். இந்த விளையாட்டைக் கடவுள் உங்களுக்குக் கொடுத்த ஓய்வுநாளின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் பவுண்டரிக் கோட்டருகே நின்று கேட்டால் வேறொன்றும் காதில் விழுகிறது. கேட்ச் விட்டவனை ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். எந்த எண் என்று பீடத்திலிருந்து நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்ல எறிபவனுக்கு ஒரு பேர். குரல் மென்மையாக இருப்பவனுக்கு ஒரு பேர். சேர்ந்து நிற்கும் இருவரைப் பார்த்து ஒரு சினிமா நகைச்சுவை வசனம், அதைத் தொடர்ந்து டீம் முழுக்கச் சிரிப்பு. 'சும்மா ஜாலிக்குத்தான் ஃபாதர்' என்பீர்கள். பெரும்பாலும் அது உண்மைதான். சொல்கிறவர் மனத்தில் பெரிய வஞ்சம் இருப்பதில்லை. ஆண்டவரும் வஞ்சத்தை அளந்து பார்க்கவில்லை, சொல்லைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரிக்கிறவர்களில் ஒருவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கலாம். ஆணாக இருந்தும் தன் மனம் ஆண்களை நாடுவதை அவர் பதினான்கு பதினைந்து வயதிலிருந்தே அறிந்திருக்கலாம். அது அவர் கேட்டு வாங்கிய வரமும் அல்ல, தேடிப் போய்ப் பிடித்த பழக்கமும் அல்ல. இந்த ஊரில் வசதியுள்ள ஒருவருக்கு இப்படி இருந்தால் அவருக்குச் சொந்தமாக ஓர் அறை உண்டு, பூட்ட ஒரு கதவு உண்டு. நம் தொழிலாளர் விடுதியில், டார்மில், என்ன உண்டு? மேல் கட்டில், கீழ் கட்டில். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். குளிக்க வரிசை, துணி காயப்போட வரிசை. ஒரு பேச்சு கிளம்பினால் அது அறையைத் தாண்டி, கம்பெனியைத் தாண்டி, வாட்ஸ்அப்பில் ஊரில் இருக்கும் அம்மாவின் காதுக்குப் போக ஒரு சாப்பாட்டு நேரம் போதும். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிடுவாரோ, ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் என்னாகுமோ என்ற பயம் வேறு. அதனால்தான் அவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். சில நேரம் அந்த எண்ணை முதலில் சொல்பவரே அவராகவும் இருப்பார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நான் சொல்லவில்லை. அந்தக் கதவு மூடியது மூடியதுதான். காபிக்கடை மேசையிலும் ஆடுகளத்து ஓரத்திலும் எல்லாரும் அறியக் காண்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பீர்கள்: 'ஃபாதர் திருச்சபையின் போதனையை மாற்றுகிறாரா?' இல்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான அருளடையாளம் என்பதே நம் விசுவாசம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357ஆம் எண் தன்பால் உறவுச் செயல்களைப் பற்றிச் சொல்வதை நான் மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ஆனால் அந்த எண்ணோடு நூலை மூடிவிடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அடுத்த எண் 2358. இந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் நுட்பமான உணர்வோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்குவதன் சாயல்கூட இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு பக்கத்தைப் படித்து அடுத்ததை விட்டால் அதைப் போதனை என்று சொல்ல முடியாது. நம் வசதிக்குக் கிழித்த தாள் அது.

கற்புநெறியும் யாரோ ஒருவருக்கு மட்டும் கொடுத்த கட்டளை அல்ல. இன்றைய வாசகத்தை இன்னும் நாலு வசனம் தள்ளிப் பாருங்கள்: இச்சையோடு பார்க்கிற கண்ணைப் பற்றி ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்! ஊரில் மனைவியும் பிள்ளையும் இருக்க, சம்பளம் வந்த ஞாயிறு சாயங்காலம் சிவப்பு விளக்குப் பகுதியான கேலாங் பக்கம் போய் வருகிறவர் டீமில் இருந்தால், அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறோம். 'அண்ணன் வெயிட்டு' என்கிறோம். யாரையும் தொடாத, யாருக்கும் துரோகம் செய்யாத ஒருவரை, அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற சந்தேகத்துக்காகவே கேலி செய்கிறோம். கற்பின் மேல் உள்ள பக்தியால் வருகிற கேலி இது என்றால் அண்ணனுக்கும் அல்லவா விழ வேண்டும்?

சோதோமைச் சொல்கிறவர்களும் உண்டு. வேதத்தைத் திறந்தே பார்ப்போம். எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் சோதோமின் குற்றமாக முன்னால் வைப்பது அகந்தையையும், வயிறு நிறைய உண்டு ஏழையின் கையைப் பிடிக்காமல் விட்டதையும். நம் ஆண்டவர் சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது, அவர்களை ஏற்காத ஊரைத்தான் சோதோமோடு ஒப்பிடுகிறார். வேற்று நாட்டில் படுக்கை தேடி வந்த நமக்கு இந்த வாசகம் மற்றவர்களைவிடச் சட்டென்று புரிய வேண்டும்.

சரி, உங்களுக்குப் பிடித்த இடத்துக்கே வருகிறேன். 2019 பிப்ரவரியில் செயின்ட் லூசியாவில் வெஸ்ட் இண்டீஸுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட். ஜோ ரூட் பேட்டிங். வேகப்பந்து வீச்சாளர் ஷானன் கேப்ரியல் அவரைச் சீண்ட, உனக்கு ஆண்களைப் பிடிக்குமா என்ற வகையில் ஏதோ கேட்டார். ரூட் கத்தவில்லை, திருப்பித் திட்டவும் இல்லை. அதை வசைச் சொல்லாகப் பயன்படுத்தாதே, அப்படி இருப்பதில் தவறொன்றும் இல்லை என்று மட்டும் சொன்னார். ஸ்டம்ப் மைக்கில் அது பதிவானது. கேப்ரியலுக்கு 4 ஒருநாள் ஆட்டங்கள் தடை. அவர் மன்னிப்பும் கேட்டார். ரூட் அந்த இன்னிங்ஸில் 122 அடித்தார். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மார்கஸ் ஸ்டாய்னிஸும் இதே போன்ற சொல்லுக்காக 7,500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டினார். அறநெறி போதிப்பது கிரிக்கெட் வாரியத்தின் வேலையல்ல. அதுவே இதைத் தண்டிக்கிறது. ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கும் நாம் இதைக் குற்றம் என்றுகூட நினைப்பதில்லை.

இன்னொருவர் ஸ்டீவன் டேவிஸ், இங்கிலாந்தின் விக்கெட் கீப்பர். 2010–11 ஆஷஸ் பயணத்துக்குக் கிளம்பும் முன்பே தான் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்பதை அணியினர் அறியச் செய்தார். 2011 பிப்ரவரியில் பத்திரிகைக்கும் சொன்னார். 'இப்படி ஒருவன் இருந்தால் டீம் கெட்டுவிடும்' என்பவர்கள் கவனிக்கவும்: அந்தத் தொடரை இங்கிலாந்து ஆஸ்திரேலிய மண்ணில் 3–1 என்று வென்றது. பெண்கள் கிரிக்கெட்டில் கதை இன்னும் வெளிப்படையானது. இங்கிலாந்தின் நாட் சிவரும் கேத்தரின் பிரன்ட்டும் 2022இல் தங்கள் நாட்டுச் சட்டப்படி மணம் செய்துகொண்டார்கள். நம் திருச்சபை அதைத் திருமணமாக ஏற்பதில்லை. அது வேறு பேச்சு. அடுத்த ஆண்டு பெண்கள் பிரீமியர் லீகின் முதல் இறுதி ஆட்டத்தில் அதே நாட் சிவர்-பிரன்ட் ஆட்டமிழக்காமல் 60 எடுத்து மும்பைக்குக் கோப்பையை வாங்கித் தந்தபோது, டார்ம் டி.வி.க்கு முன்னால் விசில் அடித்தவர்கள் யார்? டி.வி.யில் பார்க்கும்போது கைதட்டுகிறோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தால் மட்டும் கேலியா?

சட்டமும் நகர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் எழுதிய 377ஆம் சட்டப் பிரிவை நம் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோரின் தனிப்பட்ட, சம்மதமுள்ள உறவைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாதாக்கியது. இங்கே சிங்கப்பூரில் 1938இல் சேர்த்த 377ஏ 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது; திருமணத்தின் வரையறையைப் பாதுகாக்கும் அரசமைப்புத் திருத்தமும் அதே நாளில் நிறைவேறியது. தன்பால் ஈர்ப்பு உள்ளவராக இருப்பது குற்றமல்ல என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸும் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். 2024 செப்டம்பரில் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில் திருப்பலி நிறைவேற்றிய அதே பிரான்சிஸ்தான்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நிற்பவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஒருவரையொருவர் விரும்பிய, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் அவரிடம் வந்தது. இதைப் பற்றித் தனக்குச் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஒரு நீதிபதி! பிறகுதான் எழுதினார், தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவர்கள் இறங்குவதைத் தடை செய்யச் சொன்னார். நம்மில் எத்தனை அருள்பணியாளர்கள் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பீடத்தின் இந்தப் பக்கம் நிற்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குப் போன் செய்யும்போது சொல்லுங்கள். பையனிடம் ஏதோ வித்தியாசம் தெரிந்தால், 'லீவுக்கு வந்ததும் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சுதந்திரமான சம்மதம் என்பது திருச்சபைச் சட்டம். பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. ஒரு மாத லீவில் தாலி கட்டிவிட்டு இவர் துவாஸுக்குத் திரும்பிவிடுவார். ஒன்றும் அறியாத அந்தப் பெண் புகுந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பாள். இதைப் பரிகாரம் என்று என்னிடம் கேட்டு வராதீர்கள்.

இந்த ஆலயத்தில் இப்போது உட்கார்ந்து, யாரும் தன்னைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு: உன் திருமுழுக்கு மற்றவர்களுடையதைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல. கடவுள் உன்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அறையில் தொல்லை தாங்காமல் போனால் வா. உன்மேல் எண்ணெய் பூசிப் பேயோட்ட மாட்டோம், யாருக்கும் போன் செய்ய மாட்டோம். உட்கார்ந்து பேசுவோம்.

டீம் கேப்டன்மாரே, நான் அதிகம் நம்பியிருப்பது உங்களைத்தான். அருள்பணியாளர் சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே போனதும் மறந்துவிடுவார்கள். கேப்டன் 'அந்த வார்த்தை நம்ம டீமில் வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னால் நிற்கும். ரூட்டும் அன்றைக்குத் தன் அணியின் கேப்டன்தான்.

இந்த வாரம் புதன்கிழமை திருநீற்றுப் புதன். விடுமுறையின் இரண்டாம் நாளில் தவக்காலம் தொடங்குகிறது. வங்காளதேசத் தம்பிகளுக்கும் நோன்புக் காலம் இதே வாரத்தை ஒட்டி வருகிறது. பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இன்றைய வாசகத்தில் ஆண்டவர் சொன்னாரே. செவ்வாய்க்கிழமை மேட்ச் இருக்கிறது. நீங்கள் கேலி செய்த அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவரை ஓரமாக அழைத்து, 'அன்றைக்குப் பேசியது தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் வாங்க வாருங்கள். ஆமென்.