அந்தாதியில் முடிவு எது?

செய்யுள் எங்கே முடிகிறது? ஓசை நின்ற இடத்திலா, பொருள் நிறைந்த இடத்திலா? தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணம் என்னும் ஓசை வகைகள் 20-ஐ வகுக்கும்போது இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. இன்னும் வரும் என்று செவி காத்திருக்கையில் நின்றுவிடுவது அகப்பாட்டு வண்ணம். நின்றதாக எண்ணிய பிறகும் தொடர்வது புறப்பாட்டு வண்ணம்.

ஓலைச்சுவடிகளில் பாட்டை அடி பிரிக்காமல் தொடர்ச்சியாகவே எழுதினார்கள். அடியின் எல்லையைக் கண்டது செவி. அதற்குத் துணை எதுகை. தமிழில் எதுகை அடியின் தலையில் நிற்பதால், இரண்டாம் எழுத்து மீண்டும் ஒன்றிவரும்போதுதான் முந்தைய அடி முடிந்தது உறுதியாகிறது. ஓர் அடியின் முடிவை அடுத்த அடியின் தொடக்கமே அறிவிக்கிறது. ஓசைக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளி வரும் இடங்களிலோ சீர் நின்றும் சொல் நிற்பதில்லை.

வெண்பாவின் ஈற்றடி இன்னும் நுட்பமானது. மற்ற அடிகளில் நான்கு சீர். ஈற்றடியில் மூன்றே சீர். அந்த மூன்றாவதும் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் குறுகிய வாய்பாடுகளுள் ஒன்றாகவே அமைய வேண்டும். நாற்சீருக்குப் பழகிய செவி நான்காவதை எதிர்பார்க்கிறது, அது வருவதில்லை. வெண்பாவின் அழுத்தமெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

இந்த வெற்றிடத்தைப் பக்திக்கு ஆக்கிக்கொண்டவர் காரைக்கால் அம்மையார். அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களும் ஒவ்வொன்றாக அறுத்தாற்போல் நிற்கின்றன. நின்றவுடன் ஈற்றில் வந்ததே அடுத்த வெண்பாவின் தலையில் எழுகிறது. இப்படித் தொடுப்பதே அந்தாதி. நூலின் முதற்சொல் 'பிறந்து'. 101ஆம் பாடலின் கடைசிச் சொல்லும் அதுவே. பிறப்பு என்னும் வாய்பாட்டில் அமைந்த சீர் அது. சைவம் பிறவியை அறுபட வேண்டிய சுழலாகக் காண்கிறது. அந்த நெறியில் நின்றவர் சுழன்று வரும் யாப்பை ஏன் தேர்ந்தார்? முதற்பாடலில் பிறப்பது உடல். இறுதிப் பாடலில் பிறப்பது இறைவன்மேல் காதல். சொல் திரும்பி வருகிறது, பிறப்பு திரும்பவில்லை. அம்மையாரின் ஆழ்ந்த விடை இதுவே.

நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களையும் அந்தாதியாகவே தொடுக்கிறது. ஒவ்வொரு பதிகத்தின் இறுதியிலும் பாடியவர் பெயரும் பாடுவதன் பயனும் சொல்லி முறையாக முடிக்கும் பாசுரம் உண்டு. பயன் கேட்டு எழுந்துபோகலாம் என்னும் அந்த இடத்திலேயே ஈற்றுச்சொல் அடுத்த பதிகத்தைத் திறந்துவிடுகிறது. புறப்பாட்டு வண்ணத்துக்கு இலக்கணம் சொன்ன இயல்பு இங்கே நூல் முழுதும் பரவுகிறது. கடைசிப் பாசுரத்தின் ஈறும் முதற்பாசுரத்தின் தொடக்கச் சொல்லோடு சேர்வதால், நூலின் முடிவுக்கும் அதே நிலைதான்.