பழைய முகவரிக்கு நாம் பட்ட கடன்

2025 அக்டோபர் 31-க்குள் இந்திய வங்கிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. போலித் தளங்களில் மக்கள் பணத்தைப் பறிகொடுப்பதைத் தடுப்பதே நோக்கம். அவசியமான உத்தரவுதான். எனக்குக் கவலை, கைவிடப்படும் பழைய பெயர்களைப் பற்றி.

டொமைன் என்னும் இணையப் பெயரை மாற்றும் எந்த நிறுவனமும் முதலில் கேட்பது, “கூகுளில் நம் இடம் போய்விடுமா?” என்பதைத்தான். அந்த இடம் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். முகம் தெரியாத பலர், ‘இந்தப் பக்கத்தில் விஷயம் இருக்கிறது’ என்று ஆண்டுக்கணக்கில் லிங்க் கொடுத்து வந்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. அவர்கள் கொடுத்ததெல்லாம் பழைய முகவரி.

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனம் தன் டொமைனை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டாருக்கு எந்த பேரிங், எந்த சீல் என்று சொல்லும் பக்கத்தின் லிங்க் ஒரு மெக்கானிக்கின் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அவர் அதைத் தொட்டதும் பழைய சர்வர் ‘301’ என்று பதில் சொல்லி அதே மோட்டாரின் புதுப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால், அவருக்கு மாற்றமே தெரியாது. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்; பழைய பக்கத்தின் மதிப்பைத் தேடுபொறியும் புதியதன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பல இடங்களில் எல்லாப் பழைய லிங்குகளையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். அங்கே விளம்பரப் படங்கள் ஓடுகின்றன. பேரிங் எண் இல்லை. மெக்கானிக் போய்விடுவார். கூகுளும் அப்படிப்பட்ட ரீடைரக்டைப் பெரும்பாலும் ‘பக்கம் இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். எந்தப் பழைய பக்கத்துக்கு எந்தப் புதுப் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவது சலிப்பூட்டும் வேலை. அதைப் பொருளை அறிந்தவர்தான் செய்ய வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் தலையில் கட்டக் கூடாது.

ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். அது தேடுபொறிக்கான கணக்கு. மனிதர்களுக்கு ஓராண்டு போதாது. அச்சடித்த கையேட்டிலும் பழைய பில்லிலும் இருக்கும் முகவரியை யாரால் திருத்த முடியும்? புதுப்பிக்காமல் விட்ட டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 301 அன்றோடு நின்றுபோகும். அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்கள் வாங்கியவர் கைக்குப் போகலாம். வங்கியாக இருந்தால், வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் நம்பிய பெயரே மோசடிக்காரனுக்குக் கிடைத்துவிடும். எந்த ஆபத்தைத் தடுக்க இடம் மாறினோமோ, அதே ஆபத்து.

இணைய முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்ற கருத்தை, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். மாற்றியவர்தான் பொறுப்பையும் சுமக்க வேண்டும். டாட் காம் முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்து வைக்கலாம். புதுப் பெயரை அறிவிப்பதற்கு முன், பழைய பெயருக்கு அந்தப் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.