கையெழுத்துக்கு முன்

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்கிறார். தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறோம். வார்டுக்குத் திரும்பியதும், "என்ன சொன்னார்?" என்று ஒருவரையொருவர் கேட்கிறோம்!

வெறும் கடன் பத்திரத்துக்கே, கடன்பட்டவர்தான் வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவரால் இயலாதபோதே பொறுப்பாளர் சொல்லலாம் என்கிறது அல்பகரா 282. குர்ஆனின் மிக நீளமான வசனமே அதுதான். உடலைக் கீறுவதற்கு அந்தக் கவனம் வேண்டாமா?

பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் கிடக்க, தாயிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்தது தவறு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அவளுக்கு என்ன தெரியும்" என்று மனைவிக்காகப் பேசிவிடும் ஆண்களே, யோசியுங்கள்.

அறியாததை அறிந்தோரிடம் கேட்கச் சொல்கிறான் அல்லாஹ். டாக்டர் சொன்னதை நோயாளியே தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல வரவில்லையா? பேனாவை வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். டாக்டர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.