கதாநாயகி எப்போது மாவு அரைப்பாள்?

மாத நாவலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் மூன்று அத்தியாயம் கொடுக்க வேண்டும். திங்களன்று மாவு அரைத்தேன். செவ்வாய் மகளுக்குக் காய்ச்சல். புதன் மாமியாருக்குக் கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு அவர் கண்மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில், மடியில் நோட்டை வைத்து நாயகனைக் காதல் சொல்ல வைத்தேன். நன்றாகத்தான் சொன்னான்.

வியாழன் இரவு, அவன் நாயகிக்குக் காப்பி போட்டு எடுத்து வரும் காட்சி. பாதியில், "காலையில சட்னிக்குத் தேங்காய் இருக்கா?" என்று கணவரின் குரல். சிரிப்பு வந்தது, பிறகு கோபம்.

என் நாவல்களில் யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை. கல்யாணத்தோடு கதை முடிந்துவிடும். மாவு அரைப்பது அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது. வாங்கிப் படிக்கும் பெண்ணிடம் பொய் விற்கிறேனா? அவளுக்கும் அரைமணி நேரம் எல்லாவற்றையும் மறக்க வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கனவு காண்பது குற்றமில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். உறுத்துவது அந்தக் காப்பிதான். அவன் ஒருநாள் போட்டால் காதல். அவள் தினமும் போடுவதற்குப் பெயரே இல்லை. அந்தக் கணக்கை எழுதி எழுதி உறுதிப்படுத்துகிறவள் நான்.

எழுதும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் சொந்த அறையும் வேண்டும் என்று 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதினார். அவர் வீட்டில் சமையலுக்கு ஒரு பெண் இருந்தார். அவருக்கு யார் அறை கேட்டது?

காட்சியை அடிக்கவில்லை. நாயகன் டம்ளரையும் கழுவி வைத்தான். மறுநாளும் காப்பி போட்டான், அதற்கு மறுநாளும். "கதை நகரலையேம்மா" என்றார் பதிப்பாசிரியர்.

"அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன்.